வெறும் தூக்கைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தூக்கில் சாம்பார் வருகிறது. சாப்பிட்டாயிற்று, தூக்கைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தாயிற்று. ஆனால் கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட மாட்டார்கள். “வெறும் பாத்திரத்தையா குடுக்குறது?” என்று அது இரண்டு மூன்று நாள் அடுப்பு மேடையிலேயே உட்கார்ந்திருக்கும். வெள்ளிக்கிழமை சுண்டல் செய்தால் அதில் ஒரு கரண்டி, ஊரிலிருந்து முருங்கைக்காய் வந்தால் நான்கு, ஒன்றுமே அமையாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தூக்கு திரும்பிப் போகும்.

எங்கள் வீட்டில் இதற்கு யாரும் விளக்கம் சொன்னதில்லை. கேட்டால் “அது அப்படித்தான்” என்பார் அம்மா. பல வருடம் கழித்து மானுடவியல் பக்கம் கொஞ்சம் படிக்க நேர்ந்தபோதுதான் அந்த ஒரு பிடி சர்க்கரை என்ன வேலை செய்கிறது என்று புரிந்தது. தூக்கை வெறுமனே தந்தால் கொடுக்கல் வாங்கல் அதோடு முடிந்துபோகிறது. சர்க்கரையோடு தந்தால், இப்போது அவர்கள் வீட்டில் நம் சர்க்கரை இருக்கிறது. சாம்பாருக்குச் சர்க்கரை ஈடாகுமா? யாருக்கும் தெரியாது, யாரும் பார்ப்பதும் இல்லை. யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்பது தெளிவாகத் தெரியாமல் இருப்பதே அடுத்த முறை கதவைத் தட்டுவதற்கு ஒரு காரணமாகிவிடுகிறது. அண்டை வீட்டு உறவை நல்ல மனசு தொடங்கிவைக்கலாம். அதை இருபது முப்பது வருடம் இழுத்துக்கொண்டு போவது இந்தத் தீராத சில்லறைக் கடன்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நைஜீரியாவிலும் இதே கதை உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் லாரா பொஹானன் என்ற மானுடவியலாளர் அங்கே டிவ் மக்களிடையே போய்த் தங்கினார். போன புதிதில் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து, ஒருவர் இரண்டு சோளக்கதிர், ஒருவர் ஐந்து தக்காளி, இன்னொருவர் ஒரு கைப்பிடி வேர்க்கடலை என்று வைத்துவிட்டுப் போனார்கள். இதையெல்லாம் என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தவருக்கு உள்ளூர்ப் பெண்கள் பாடம் எடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஏதாவது திருப்பித் தர வேண்டும். உடனே தரக் கூடாது, கொஞ்ச நாள் போகட்டும். முக்கியமாக, வாங்கியதற்குச் சரியான விலையாக அது இருக்கக் கூடாது. கொஞ்சம் கூட இருக்கலாம், கொஞ்சம் குறைவாகவும் இருக்கலாம். ஒன்றுமே தராவிட்டால் ஒட்டுண்ணி என்று பேர். சரிசமமாகத் தந்துவிட்டாலோ, “உன் சங்காத்தமே வேண்டாம்” என்று அர்த்தம். ஒரு கை வெண்டைக்காயைத் திருப்பிக் கொடுப்பதற்காக அந்தப் பெண்கள் மைல் கணக்கில் நடந்திருக்கிறார்கள். வெண்டைக்காய்க்காகவா நடந்தார்கள்? போய்ப் பேசிவிட்டு வருவதற்கு அது ஒரு சாக்கு.

“நாங்கதான் பைசா சுத்தமா எழுதி வைக்கிறோமே” என்று புதுக்கோட்டைக்காரர் யாராவது இதற்கு மறுப்புச் சொல்லக்கூடும். நியாயம்தான். கீரமங்கலம், வடகாடு, தஞ்சாவூர் மாவட்டத்தில் பேராவூரணி பக்கமெல்லாம் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடக்கும். பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே பந்தலில் கறிச்சோறு போடுவார்கள். சாப்பிட்டவர் போய் அந்தந்தக் குடும்பத்தின் நோட்டில் மொய் எழுதுவார். வந்த பணத்தில் போர்வெல் போடுவார்கள், கடை வைப்பார்கள், பிள்ளையின் காலேஜ் ஃபீஸைக் கட்டுவார்கள். நாலைந்து வருடத்தில், எழுதியவர் தன் விருந்தை வைக்கும்போது அது திரும்பிப் போயாக வேண்டும். வட்டியில்லாத கடன்தான், ஆனால் நோட்டில் இருக்கும் கடன்.

அங்கேயும் வாங்கியதை மட்டும் சரியாகத் திருப்பித் தருவது வழக்கமில்லை. ஐயாயிரம் வாங்கியவர் ஐயாயிரத்துக்கு மேல் கொஞ்சம் சேர்த்து எழுதுவார். கூடுதலாக வைப்பதற்குப் புது நடை என்று பேர். அந்தக் கூடுதல் இப்போது எதிர்த்தரப்பின் கடன். ஐயாயிரத்துக்கு ஐயாயிரம் என்று நிறுத்திக்கொண்டால், போக்குவரத்தை முடித்துக்கொள்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்துவிடும். நோட்டுப் போட்டு எழுதும் ஊரிலேயே கணக்கை முழுசாக நேர் செய்ய யாருக்கும் மனசில்லை. ஒரு பிடி சர்க்கரையின் வேலையை அங்கே புது நடை செய்கிறது.

சரி, முதல் கடன் எப்படி விழுகிறது? நாம் பொதுவாகக் கொடுப்பவரைத்தான் பெருமையாகப் பேசுவோம். ஆனால் பல உறவுகள் ஒருவர் வந்து கேட்பதில்தான் தொடங்குகின்றன. உறைமோரை எடுத்துக்கொள்ளுங்கள். பால் இருக்கிறது, காய்ச்சி ஆறவைத்தாயிற்று, வீட்டில் ஒரு ஸ்பூன் மோர் இல்லை. பத்து வீடு தள்ளிப் போய்க் கேட்கிற பொருளா அது? பக்கத்து வீட்டில்தான் கேட்க வேண்டும். அதிலும் விளக்கு வைத்த பிறகு மோர், உப்பு, பணம் எதையும் வெளியே தராத வீடுகள் உண்டு என்பதால் நேரம் பார்த்துப் போக வேண்டும். கறிவேப்பிலை, ஸ்க்ரூடிரைவர், விருந்தாளி வந்தால் ஒரு பாய், மாசக் கடைசியில் ஐந்நூறு ரூபாய் கைமாத்து என்று இது வளரும். கைமாத்து என்கிற சொல்லே அழகு. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, கை மாறியது, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் இதை ஒரு தந்திரமாகவே செய்து பார்த்தவர். 1730-களில் பென்சில்வேனியா சட்டமன்றத்தில் அவர் எழுத்தராக இருந்தபோது ஓர் உறுப்பினர் அவரை எதிர்த்துக்கொண்டிருந்தார். பிராங்க்ளின் அவருக்கு எந்த உபகாரமும் செய்யப் போகவில்லை. அவரிடம் இருந்த அரிதான ஒரு புத்தகத்தை இரவல் கேட்டு எழுதினார். வந்தது. ஒரு வாரத்தில் நன்றி சொல்லித் திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு அந்த மனிதர் தாமாக வந்து பேசத் தொடங்கி, சாகும்வரை நண்பராக இருந்தாராம். நமக்கு உதவி செய்தவருக்கு நம்மேல் ஒரு பிடிப்பு வந்துவிடுகிறது. 1969-இல் ஜெக்கர், லாண்டி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதனை வைத்துப் பார்த்து, விஷயம் உண்மைதான் என்றார்கள். “யாருக்கும் தொந்தரவு கொடுக்க மாட்டோம், யாரிடமும் போய் நிற்க மாட்டோம்” என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் குடும்பங்களை எனக்குத் தெரியும். நல்லவர்கள்தான். ஆனால் அவர்கள் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. தங்களுக்குக் கொடுக்கும் வாய்ப்பை அவர்கள் யாருக்கும் கொடுத்ததில்லை.

கேட்பதற்கு ஆள் கண்ணில் பட வேண்டும், அது அடுத்த விஷயம். லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் என்ற உளவியலாளர்கள் மூவரும் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில், மணமான மாணவர்கள் தங்கும் குடியிருப்பில் யாருக்கு யார் சிநேகம் என்று கேட்டு 1950-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. ஒரே தளத்தில் குடியிருந்தவர்களில் 41 சதவீதம் பேர் அடுத்த கதவு வீட்டாரோடு நெருக்கமாக இருந்தார்கள். ஒரு கதவு தள்ளினால் அது 22 ஆகிவிட்டது. வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வெறும் 10. தூரம் என்று பார்த்தால் சில பத்து அடிகள்தான். மாடிப்படிக்கும் தபால் பெட்டிக்கும் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு மாடியிலும் நண்பர்கள் இருந்தார்கள். ஒத்த குணம், ஒத்த ரசனை என்று நாம் நினைத்துக்கொள்வதில் பாதியை ஒரு மாடிப்படி தீர்மானித்துவிடுகிறது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 1976-இல் கலிபோர்னியக் குடியிருப்பு ஒன்றில் வேறு சிலர் இதே கேள்வியைக் கொஞ்சம் மாற்றி, யாரைப் பிடிக்கவில்லை என்றும் கேட்டார்கள். பிடிக்காதவர்களும் பக்கத்திலேயேதான் இருந்தார்கள், பிடித்தவர்களைவிடவும் பக்கத்தில். குழாயடிச் சண்டை பார்த்து வளர்ந்த நமக்கு இதை ஆராய்ச்சி செய்து சொல்லத் தேவையில்லை. மதுரையில் காம்பவுண்டு, திருநெல்வேலியில் வளவு, சென்னையில் ஒண்டுக்குடித்தனம் என்று பேர் மாறினாலும் ஒரே கிணறு, ஒரே கக்கூஸ், ஒரே முற்றம். காலையில் குடத்துக்காகப் பேச்சு நின்றுபோகும். சாயங்காலம் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அதே ஆள்தான் ஆட்டோ பிடித்து வருவார். அந்த வாழ்க்கைக்கு ஏங்கிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதையும் கவனித்திருக்கிறேன். தண்ணீர் பிடித்தவர்கள் அவ்வளவாக ஏங்குவதில்லை.

ஆகவே பழைய காம்பவுண்டு திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் திண்ணையும் பொதுக் குழாயும் செய்துவந்த ஒரு வேலையை இன்று எது செய்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. சென்னையின் ஆற்றங்கரைகளிலும் நடுநகரக் குடிசைப் பகுதிகளிலும் இருந்த குடும்பங்களை 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் தென்கோடிக்கு மாற்றினார்கள். வேலை தூரமாகிவிட்டது, பள்ளிக்கூடம் தூரமாகிவிட்டது என்று அப்போது பேசப்பட்டது. அவ்வளவாகப் பேசப்படாத இழப்பு ஒன்றும் உண்டு. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும்படி விட்டுவிட்டு வேலைக்குப் போன அந்தப் பக்கத்து வீட்டு ஆயா இப்போது வேறு பிளாக்கில், வேறு மாடியில். கைமாத்து கேட்கப் பழகிய முகம் இல்லை. கான்கிரீட் சுவரும் தனிக் கழிப்பறையும் கிடைத்தன, அது சின்ன விஷயமில்லை. ஆனால் இருபது வருடமாகச் சேர்ந்திருந்த சில்லறைக் கடன்களெல்லாம் ஒரே நாளில் கலைந்துபோயின.

அவற்றின் மதிப்பு சாதாரண நாளில் தெரியாது. சிகாகோவில் அது 1995 ஜூலையில் தெரிந்தது. வெயில் 41 டிகிரி செல்சியஸைத் தொட்ட அந்த வாரத்தில் வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள், பலர் தனியாக, பூட்டிய வீட்டுக்குள். சமூகவியலாளர் எரிக் கிளைனன்பெர்க் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார். வடக்கு லான்டேல், தெற்கு லான்டேல். இரண்டும் ஏழைகள் வாழும் இடம், தனியாக வசிக்கும் முதியவர்களும் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. வடக்கில் லட்சத்துக்கு 40 பேர் இறந்தார்கள், தெற்கில் 4 பேர்கூட இல்லை.

வடக்கில் கறுப்பர்கள், தெற்கில் பெரும்பாலும் மெக்சிகோ வழி வந்தவர்கள், அவர்களுக்குக் குடும்பப் பாசம் அதிகம், அதனால்தான் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். கிளைனன்பெர்க் தெருவைப் பார்க்கச் சொன்னார். வடக்கு லான்டேலில் ஒரு காலத்தில் பெரிய தொழிற்சாலைகள் இருந்தன, அவை மூடப்பட்டதும் கடைகள் போயின, மக்கள் போனார்கள், காலி மனைகள் மிஞ்சின. தெருவில் இறங்கவே முதியவர்களுக்குப் பயம். தெற்கிலோ நடைபாதை முழுக்கக் கடை, கடை முழுக்க ஆள். வெயில் தாங்காத கிழவர் அடுத்த கடையின் குளிர்ச்சிக்குள் போய் நிற்கலாம். இரண்டு நாள் வரவில்லையென்றால் கடைக்காரருக்குத் தெரியும். நம்மூரில் பால் பாக்கெட் வாசலிலேயே கிடந்தால் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பாரே, அதேதான். அன்பின் அளவில் இரண்டு பகுதிக்கும் வித்தியாசம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஒன்றில் அன்பு நடமாடத் தெரு இருந்தது.

அதே 1995-இல், ஜனவரி 17 அதிகாலை, ஜப்பானின் கோபே நகரைப் பூகம்பம் உலுக்கியது. 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பெரும்பான்மையோரை வெளியே இழுத்தது மீட்புப் படை அல்ல, வீட்டாரும் பக்கத்து வீட்டாரும்தான். கிழவி எந்த அறையில் படுப்பாள் என்பது பக்கத்து வீட்டுக்குத்தானே தெரியும். அந்நகரின் நகாதா வட்டாரத்தில் மானோ, மிகுரா என்று இரண்டு பகுதிகள். நெருப்பு பரவியபோது மானோ மக்கள் வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கடத்தி அணைத்தார்கள். மிகுரா மக்கள் தீயணைப்பு வண்டிக்காகக் காத்து நின்றார்கள், கண்ணெதிரே வீடுகள் எரிந்தன. மானோ மக்களுக்கு அந்த ஒழுங்கு அன்று திடீரென்று வரவில்லை. 1960-களில் தொழிற்சாலை மாசை எதிர்த்துச் சேர்ந்து போராடிய பகுதி அது, அதற்குப் பிறகும் கூடிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். யார் எங்கே நிற்க வேண்டும் என்று முப்பது வருடமாகத் தெரிந்திருந்தது.

2015 டிசம்பர் 1-ஐச் சென்னைக்காரர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. அடையாறு பெருகி முடிச்சூர், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் மூழ்கின. மின்சாரம் இல்லை, செல்போன் இல்லை. அந்த இரவுகளில் தரைத்தளத்துக் குடும்பங்கள் மாடி வீட்டுக்கு ஏறின. அதுவரை லிஃப்டில் தலையாட்டியதோடு சரி என்று இருந்தவர்கள் ஒரே ஹாலில் வரிசையாகப் படுத்தார்கள். இருந்த கேஸை வைத்து ஒரே பானையில் சோறு. பிறகு தண்ணீர் வடிந்தது, சிலர் பழையபடி தலையாட்டுவதற்கே திரும்பிவிட்டார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். நீடித்த இடங்களில் பெரும்பாலும் ஏதோ ஒன்று திருப்பிக் கொடுக்கப்படாமல் மிச்சம் இருந்தது. ஒரு போர்வை, ஒரு ஃப்ளாஸ்க், அன்றைக்குப் பார்த்துக்கொண்ட பாட்டியைப் பற்றிய விசாரிப்பு.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, யாருக்குப் பக்கத்தில் யார் இருக்கலாம் என்பதைச் சொல்லாமல் விட்டால் தமிழ்நாட்டில் அது பொய்யாகிவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் மாவட்டத்து மீனவக் கிராமங்களை ஆராய்ந்த அமெரிக்க அரசியல் ஆய்வாளர் டேனியல் ஆல்ட்ரிச் இரண்டு உண்மைகளைச் சேர்த்தே எழுதினார். அங்கே ஊர்ப் பஞ்சாயத்து பலமாக இருந்தது. தலைக்கட்டுக் கணக்கு, அதாவது ஊரில் யார் யார் குடும்பம் என்ற கணக்கு, அதன் கையில் இருந்தது, நிவாரணத்தைப் பட்டியல் போட்டுப் பகிர்ந்தது, வெளியிலிருந்து வந்தவர்களோடு பேசியது. அப்படிப்பட்ட ஊர்கள் சீக்கிரம் நிமிர்ந்தன. ஆனால் அந்தப் பட்டியலுக்குள் வராதவர்களும் இருந்தார்கள்: தலித்துகள், விதவைகள். உள்ளே இருப்பவர்களை எந்தக் கட்டு இறுக்கமாகச் சேர்த்து வைத்ததோ, அதே கட்டுதான் இவர்களை வெளியே நிறுத்தியது. தூக்குச் சாம்பாருக்கும் இது பொருந்தும். எந்த வீட்டுத் தூக்கு எந்த வீட்டுக்குப் போகும், எந்த வீட்டில் வாங்கிச் சாப்பிடுவார்கள், எந்த வீட்டுக்குத் தனி டம்ளர் என்பதெல்லாம் நம் ஊர்களில் கொடுப்பவரின் மனசுக்கு முன்பே தீர்மானமாகிவிட்ட விஷயங்கள். ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று இருக்கும்வரை வராந்தாவின் 41 சதவீதக் கணக்கு சாதிக்குள்ளேயே சுற்றும்.

அதை உடைக்க அரசு எடுத்த ஒரு முயற்சி எனக்கு எப்போதுமே சுவாரசியமாகத் தெரியும். 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. 100 வீடுகள். 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, மீதி 10 மற்றவர்களுக்கு. வீடுகள் கலந்தே ஒதுக்கப்பட்டன, சுடுகாடும் பொது. ஃபெஸ்டிங்கர் குழு கண்டுபிடித்ததைச் சட்டமாகவே போட்ட மாதிரி. சாதி அதனால் ஒழிந்துவிட்டதா என்றால் இல்லை, கல்யாணம் என்று வரும்போது பழைய ஊரைத் தேடித்தான் போகிறார்கள் என்று அந்தத் திட்டத்தைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. கதவுகளைப் பக்கத்தில் வைப்பதுதான் அரசால் முடியும், தூக்கை அது கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. ஆனால் கதவே பக்கத்தில் இல்லையென்றால் தூக்குக்கு வழியே கிடையாது. அந்த அளவில் அது சரியான இடத்தில் கை வைத்த திட்டம் என்றுதான் நான் சொல்வேன்.

இன்றைக்கு நகரத்தில் உறைமோர் கேட்டு யாரும் வருவதில்லை. பத்து நிமிடத்தில் தயிரே வீட்டுக்கு வந்துவிடுகிறது. யாரையும் கேட்காமல் வாழ முடிவது ஒரு சௌகரியம், குறிப்பாகக் கேட்டால் ஏளனமாகப் பார்க்கப்பட்டவர்களுக்கு அது விடுதலைகூட. அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுவில் தண்ணீர் லாரி, பார்க்கிங் தகராறு, காலை வணக்கம் எல்லாம் ஓடுகின்றன. இருந்தாலும் கேட்பதற்கு வேறு சின்னச் சின்ன வழிகள் எப்படியோ முளைத்துவிடுகின்றன. “பக்கத்து வீட்ல குடுத்துட்டுப் போங்க தம்பி” என்று டெலிவரிக்காரரிடம் போனில் சொல்கிறோமே, அதுவும் ஒரு கடன்தான்.

என் எதிர் ஃபிளாட்டில் நான்கு இளைஞர்கள் குடிவந்து எட்டு மாதம் வரை பேர்கூடத் தெரியாது. முதலில் ஒரு பார்சலை வாங்கி வைத்தேன். அப்புறம் இன்னொன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கதவைத் திறந்தால், அவர்களில் ஒருவர் இரண்டு கையிலும் துணி சுற்றிக் குக்கரைப் பிடித்தபடி நிற்கிறார். “அண்ணே, சிலிண்டர் தீந்துபோச்சு. அரிசி பாதி வெந்துருக்கு.” என் அடுப்பில் மூன்று விசில் வந்தது. அடுத்த முறை அவர் ஊருக்குப் போய் வந்தபோது ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய நாகர்கோவில் நேந்திரங்காய் சிப்ஸ் கொண்டுவந்து கொடுத்தார். டப்பா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.